கணக்குல எழுதிக்குங்க!

காலை எட்டரை மணிக்கு வேளச்சேரி - தாம்பரம் மெயின் ரோட்டில் போகிறவர்களுக்கு மூன்று விஷயங்கள்தான் கண்ணில் படும். முன்னால் போகிற பஸ்ஸின் முதுகு, கைக்கடிகாரம், சிவப்பு சிக்னல். பள்ளிக்கரணை வரும்போது ரோட்டோரமாகக் கோரையும் தண்ணீரும் சேறுமாக ஒரு பெரிய வெளி விரிந்து கிடக்கிறதே, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் "அது என்ன சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுவா? சும்மா கிடக்கிற இடம்" என்பார். ரியல் எஸ்டேட் ஆசாமியாக இருந்தால் கூடவே ஒரு பெருமூச்சும் விடுவார்.

இந்த வாரம் அந்த 'சும்மா'வைப் பற்றித்தான்.

நான் பி.காம். செம்பருத்திப் பூவை வரைந்து பாகம் குறித்ததோடு என்னுடைய விஞ்ஞானம் பத்தாம் வகுப்பில் முடிந்துவிட்டது. ஆனால் வரவு, செலவு, வட்டி, பாக்கி என்றால் நாலு வார்த்தை பேசுவேன். எங்கள் மாடி போர்ஷனில் ஒரு ரிட்டையர்டு பேங்க் ஆபீசர் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் பார்த்த கண்ணால் இப்போது பைனாகுலரில் பறவை பார்க்கிறார். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்:

"தம்பி, பள்ளிக்கரணையைப் புரிஞ்சுக்க ஜுவாலஜி வேணாம். டபுள் என்ட்ரி தெரிஞ்சாப் போதும்."

"எப்படி சார்?"

"ஒருத்தன் சாப்பாடு இன்னொருத்தன் சாவு. வரவும் செலவும் ஒரே தேதியில என்ட்ரி!"

ஆளைக் கொஞ்சம் கலங்கடிக்கிற வாக்கியம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், மேன்ஷனில் காலம் தள்ளிய யாருக்கும் இது சட்டென்று புரியும். பள்ளிக்கரணை ஒரு மெஸ். பல்லாயிரம் பேர் சாப்பிடுகிற, அக்கவுன்ட் வைத்து நடத்துகிற மெஸ்.

* * *

முதலில் அட்ரஸ். தாம்பரத்தில் பெய்கிற மழைக்கு ரயில்வே லைன் மாதிரி ஒரு பாகப்பிரிவினை உண்டு. மேற்கே, முடிச்சூர் பக்கம் பெய்வது அடையாற்றைப் பார்த்து ஓடும். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் பெய்வது பள்ளிக்கரணையைப் பார்த்து ஓடும். நேராக ஓடாது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அது நிரம்பினால் கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம் என்று ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக நின்று கடைசியில் சதுப்பு நிலத்தில் இறங்கும். இப்படிச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் தண்ணீர் அங்கே வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு.

மழைத்தண்ணீர் தனியாக வருவதில்லை. வழியில் இருக்கிற மண், இலை, சாணி, சத்து எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சதுப்பு நிலத்தில் சாய்மானம் குறைவு. ஓடி வந்த தண்ணீர் அங்கே வேகம் இழந்து உட்கார்ந்துவிடும். மூட்டையை இறக்கி வைத்துவிடும். அதுதான் மெஸ்ஸுக்கு வருகிற மளிகை.

சமையல் எங்கே நடக்கிறது என்பதுதான் முக்கியமான ரகசியம். காட்டில் மான் பச்சைப் புல்லை மேய்கிறது, புலி மானைத் தின்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சதுப்பு நிலத்தில் அந்தக் கதை சிறிய பங்குதான். கோரையையும் சம்புப் புல்லையும் பச்சையாகச் சாப்பிட ரொம்பப் பேர் வருவதில்லை. நாரும் முரடுமாக இருக்கும். பெரும்பகுதி செடி தானாகக் காய்ந்து, சாய்ந்து, தண்ணீரில் ஊறி, சேற்றில் சேர்கிறது. அங்கே பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைப் பிரித்து, குழைத்து, வேக வைத்தாற்போல் ஆக்குகின்றன. அந்தக் குழம்பைப் புழுக்கள், நத்தைகள், பூச்சிகளின் குஞ்சுகள், சின்ன இறால்கள் சாப்பிடுகின்றன. அவற்றை மீனும் தவளையும் பறவையும் சாப்பிடுகின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்து போகிற அந்தக் கறுப்புச் சேறுதான் கிச்சன். இதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபாஸ்ட் ஃபுட் கவுன்டரும் உண்டு: தண்ணீரில் மிதக்கிற பாசி. வெயிலைப் பிடித்து உடனே பரிமாறும்.

இனி, பந்தி. 46 வகை மீன்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களையும் இங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் அடிதடி நடக்க வேண்டுமே? பெரிதாக நடப்பதில்லை. காரணம், ஒவ்வொருத்தருக்கும் கரண்டி வேறு, இலை வேறு.

நெடுங்கால் உள்ளானுக்கு ரோஜா நிறத்தில் குச்சிக் கால். மற்ற உள்ளான்கள் கரையோரத்தில் கொத்திக் கொண்டிருக்கும்போது அது முழங்கால் தண்ணீரில் போய் நிற்கும். அரிவாள் மூக்கன் வளைந்த அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும். இலைக்கோழிக்கு விரல்கள் அநியாய நீளம். அதனால் மிதக்கிற இலை மேல் நடந்தே டிபனை முடித்துவிடும். நீலத் தாழைக்கோழி ஒரு காலால் கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு கரும்பு கடிக்கிற மாதிரி உள்சதையை மட்டும் கடிக்கும். நத்தை குத்தி நாரையின் அலகில் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். பார்த்தால் மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட் மாதிரி தெரியும். நத்தையைக் கையாள்வதற்கென்றே வந்த ஸ்பெஷல் டூல் அது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கிப் பிடிக்கும். கூழைக்கடா பையோடு வந்து பார்சல் வாங்கும். மடையான் கரையில் அசையாமல் நிற்கும், மாசக் கடைசியில் சம்பளத்துக்குக் காத்திருக்கிற நம்மைப் போல.

பூநாரை சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, நாக்கை பம்பு மாதிரி அடித்து, அலகில் இருக்கும் சல்லடையில் தண்ணீரை வடிகட்டி, சின்ன இறாலையும் பாசியையும் விழுங்கும். அதன் ரோஸ் நிறம் பிறவியில் வந்தது இல்லை. குஞ்சு சாம்பல் நிறம். பாசியில் ஊறும் ஒரு நிறப்பொருள் இறாலுக்குப் போய், இறாலிலிருந்து பூநாரையின் இறகுக்கு ஏறுகிறது. ரேடியல் ரோட்டில் பைக்கை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற தம்பிகள் கவனிக்கவும்: அந்தப் பறவை தன்னுடைய மெஸ் பில்லை உடம்பிலேயே பிரின்ட் போட்டுக்கொண்டு நிற்கிறது.

* * *

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தக் கணக்கை முதலில் முறையாக எழுதியவர் ரேமண்ட் லிண்டமன் என்கிற அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்று சேறும் பாசியுமான ஒரு சின்ன ஏரி. அதில் ஐந்து வருஷம், மனைவியின் துணையோடு, பாசி எவ்வளவு, பூச்சி எவ்வளவு, மீன் எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். யார் யாரைத் தின்கிறார்கள் என்று அதற்கு முன்பும் பட்டியல் போட்டார்கள். லிண்டமன் அதைச் சக்தியின் வரவு செலவாக எழுதினார். சூரியனிடமிருந்து இவ்வளவு வரவு, மூச்சு விட்டதில் இவ்வளவு செலவு, அடுத்த கைக்குப் போனது இவ்வளவு.

கட்டுரையை 'ஈகாலஜி' என்கிற பத்திரிகைக்கு அனுப்பினார். படித்துப் பார்த்த இரண்டு நிபுணர்கள் 'வேண்டாம்' என்றார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் குருவாக இருந்த ஹட்சின்சன் விடாமல் வாதாடி அதை ஏற்க வைத்தார். 1942 அக்டோபரில் அச்சில் வந்தது. பார்க்க லிண்டமன் இல்லை. அதே ஆண்டு ஜூனில் நோயில் இறந்துவிட்டார். வயது 26. இன்றைக்கு உலகத்தில் சூழலியல் படிக்கிற எல்லோரும் அந்தக் கட்டுரையைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. இருபத்தாறு வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம்.

அவர் வழியில் பிறகு பலரும் அளந்து பார்த்து, மனப்பாடத்துக்கு வசதியாக ஒரு தோராயம் சொன்னார்கள்: ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்கு. இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

சம்பள ஸ்லிப் மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். பாசியும் கோரையும் பத்தாயிரம் கிலோ என்றால் அதைத் தின்கிற புழு, நத்தை, இறால் ஆயிரம் கிலோ தேறும். அதைத் தின்கிற சின்ன மீன் நூறு கிலோ. சின்ன மீனைத் தின்கிற பெரிய மீன் பத்து கிலோ. அந்தப் பெரிய மீனைத் தூக்கிப் போகிற பறவையின் உடம்பில் ஒரு கிலோ. மீதியெல்லாம் எங்கே? ஓடியது, நீந்தியது, மூச்சு விட்டது, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டது என்று பிடித்தம் போய்விட்டது. பி.எஃப். மாதிரி திரும்பக் கிடைக்காது.

அதனால்தான் புழு கோடிக்கணக்கில் இருக்கிறது, கூழைக்கடா சில நூறு இருக்கிறது. "நாலு கிரவுண்டு மண்ணைப் போட்டு நிரப்பினா என்ன சார், பறவை பக்கத்துல போய் மேயட்டுமே" என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பக்கத்து இலையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. அடியில் பத்தாயிரம் கிலோ போனால் உச்சியில் ஒரு கிலோ பறவை போனதாகத்தான் அர்த்தம். அது எந்தப் பறவை என்று நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

* * *

இங்கேதான் கணக்கு கொஞ்சம் பயமுறுத்தும்.

பத்து கிலோ தின்றால் ஒரு கிலோதான் உடம்பில் சேரும் என்றோமே, சாப்பாட்டில் விஷம் இருந்தால்? கரைந்து வெளியேறுகிற விஷம் என்றால் பரவாயில்லை. சில விஷங்கள் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. சாப்பாடு பத்தில் ஒன்றாகக் குறையும்போது, விஷம் குறையாமல் அந்த ஒரு கிலோவுக்குள் அடைந்துகொள்ளும். அடுத்த படியில் மறுபடியும் அதே கதை. வட்டிக்கு வட்டி. கந்து வட்டிக்காரன்கூட இவ்வளவு கறாராக இருக்க மாட்டான்.

கற்பனை இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் க்ளியர் லேக் என்று ஓர் ஏரி. அங்கே ஒருவகைப் பொடிப் பூச்சி தொல்லை. கடிக்காது. சும்மா முகத்தில் வந்து மொய்க்கும். அதை ஒழிக்க 1949, 1954, 1957 என மூன்று முறை டி.டி.டி. (DDD) என்ற மருந்தைக் கலந்தார்கள். DDT-யின் தம்பி. ரொம்ப ஜாக்கிரதையாக, தண்ணீரில் பத்து லட்சத்துக்கு 0.02 பங்கு இருக்கிற மாதிரிதான் கலந்தார்கள். கொஞ்ச நாளில் ஏரியின் முக்குளிப்பான்கள் கொத்தாகச் செத்து மிதந்தன. தொற்று நோயா என்று பார்த்தார்கள். இல்லை. கொழுப்பை எடுத்துச் சோதித்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு! தண்ணீரில் இருந்ததைப் போல 80,000 மடங்கு. நடுவில் மிதவை உயிர்களில் 5 பங்கு, பிறகு மீன்களில் அதைவிடப் பல மடங்கு என்று படிப்படியாக ஏறியிருந்தது. ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகத்தால் இந்தக் கதை உலகம் முழுக்கத் தெரிந்தது.

அந்த முக்குளிப்பானின் சொந்தக்காரன் பள்ளிக்கரணையிலும் இருக்கிறான். சின்ன உருவம், ஆள் வந்தால் டபக்கென்று மூழ்கிவிடுவான். அவன் மூழ்குகிற அதே சதுப்பு நிலத்தின் மேலேதான் பெருங்குடி குப்பைமேடு பல பத்தாண்டுகளாக வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும். இப்போது பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து, நிலத்தை மீட்கிற வேலை நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் இத்தனை வருஷம் மழையில் ஊறி இறங்கிய கசிவு? ரிமோட்டிலிருந்து எடுத்துப் போட்ட பேட்டரி, மிச்ச பெயின்ட், உடைந்த டியூப்லைட், காலாவதி மாத்திரை எல்லாம் குப்பை லாரியில் ஏறிய பிறகு போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு என்பதையே நாம் யோசிப்பதில்லை. அந்தச் சேறுதான் கிச்சன் என்று மேலே சொன்னேன்.

ஆபீஸில் வராக் கடனை 'ரைட் ஆஃப்' செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். சதுப்பு நிலத்தின் லெட்ஜரில் ரைட் ஆஃப் என்ற காலமே கிடையாது.

* * *

"பறவை செத்தா பாவம்தான். எனக்கென்ன சார்?" என்று கேட்கிற நியாயஸ்தர்களுக்கு ஒரு சொந்தக் கணக்கு சொல்கிறேன். கொசு.

தென்சென்னை வாசி ஒவ்வொருத்தருக்கும் மாத பட்ஜெட்டில் கொசுவுக்கென்று ஒரு பத்தி உண்டு. சுருள், லிக்விட், வலை, பேட். எலெக்ட்ரிக் பேட்டில் 'பட் பட்' என்று அடிப்பதுதான் பல வீடுகளில் ராத்திரி ஸ்போர்ட்ஸ். நல்ல சதுப்பு நிலத்தில் இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்க்க ஆள் இருக்கிறார்கள். தட்டான் பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள் வளரும். கொசுப் புழு அதற்குப் பகோடா மாதிரி. வளர்ந்து இறக்கை முளைத்த பிறகு பறக்கிற கொசுவையும் பிடிக்கும். சின்ன மீன்கள் ஒரு பக்கம், தவளை ஒரு பக்கம்.

இதில் கழிவுநீரைக் கலந்தால் என்ன ஆகும்? சாக்கடையில் சத்து அதிகம். பாக்டீரியா கொண்டாட்டமாகப் பெருகும். பெருகியவை தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை இழுத்துக் குடித்துவிடும். பற்றாததற்குத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை அந்தச் சத்தில் கொழுத்து, மேலே பச்சைப் பாய் விரித்து, வெயிலை மறைத்துவிடும். வெயில் இல்லாவிட்டால் அடியில் பாசி இல்லை. பாசி இல்லாவிட்டால் அது விடுகிற ஆக்சிஜனும் இல்லை.

மீன் செவுளால் தண்ணீரிலிருந்து மூச்சு விடுகிறது. தட்டான் குஞ்சும் தண்ணீரிலிருந்துதான் மூச்சு விடுகிறது, அதுவும் பின்பக்கத்தால். சிரிக்காதீர்கள், அதன் செவுள் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரண்டும் காலி. ஆனால் கொசுப் புழு? அது வாலில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி, தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்றை உறிஞ்சுகிறது. தண்ணீர் நாறினால் அதற்கென்ன? போலீஸெல்லாம் மயங்கிக் கிடக்க, திருடன் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு நடமாடுகிற கதை. நம் சாக்கடைக் கொசு அப்படித்தான் ராஜாவானது.

மேடவாக்கம் பக்கம் சாலையோரத்தில் உயிர் மீன் விற்கிற ஒருத்தரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, அழுக்குத் தண்ணியில எல்லா மீனும் போயிடுது, வெரால் மட்டும் எப்படித் தாங்குது?"

"அது மேல வந்து வாயைத் தொறந்து மூச்சு வாங்கிக்கும் சார். மத்ததுங்க இன்னா பண்ணும், பாவம்?" என்றார். லிண்டமனைப் படிக்காதவர். ஆனால் பாடம் சரி.

தவளையைப் பற்றியும் ஒரு வணிகச் செய்தி. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால் டன் டன்னாக ஏற்றுமதி ஆனது. அன்னியச் செலாவணி! ஆனால் வயலில் பூச்சி தின்ன ஆள் இல்லாமல் போனால் பூச்சிமருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லிப் பலரும் சத்தம் போட்டார்கள். 1987-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நோட்டை மூடுவது நம்முடைய பழைய வழக்கம்.

* * *

பாம்புக் கணக்கும் அதே நோட்டில் வருகிறது. பள்ளிக்கரணையில் கண்ணாடி விரியன் உண்டு. கோரைப் புதரில் எலி, தவளை என்று பிடித்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்த ஜீவன். அதன் தலைமாட்டில் அபார்ட்மென்ட் எழும்பியது. அபார்ட்மென்ட் வாசலில் குப்பை, குப்பைக்கு எலி, எலிக்குப் பின்னால் விரியன். அசோசியேஷன் மீட்டிங்கில் "பாம்பு நம்ம இடத்துக்குள்ள வருது" என்று தீர்மானம் போடுகிறோம். பாம்பும் எங்கோ ஒரு புதரில் அதே தீர்மானத்தைப் போட்டிருக்கும்.

வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் விரியனைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. ஆக, கோரைக்கிழங்கு, எலி, விரியன், இருளர், ஆஸ்பத்திரி ஊசி என்று சங்கிலி நம் கட்டில் வரைக்கும் வந்து நிற்கிறது.

* * *

மெஸ்ஸின் தற்போதைய நிலவரம் என்ன? அறுபதுகளில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள். 'கழிவெளி' என்று பழைய ஜனங்கள் கூப்பிட்டது அதைத்தான். அப்புறம் ரோடு வந்தது, குப்பைமேடு வந்தது, கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன, அரசாங்க அலுவலகங்களும் வந்தன. தொரைப்பாக்கம் - பல்லாவரம் 200 அடி ரேடியல் ரோடு நடுவே போய் அதை இரண்டாக வகுந்தது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1,247 ஹெக்டேர். இந்தச் சதுப்பு நிலத்துக்காகப் பல வருஷம் உழைத்த கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-ல் ராம்சார் விருதும் கிடைத்தது.

சந்தோஷம். ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 5,000-க்கு 1,247 என்றால் முக்கால்வாசி கரைந்துவிட்டது. ஹெக்டேர் புரியாதவர்களுக்கு நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மிச்சம் இருப்பது சுமார் 56,000 கிரவுண்டு. படித்தவுடன் உங்கள் மனசு அதை ரேட்டால் பெருக்கிப் பார்த்திருக்கும். தப்பில்லை, என் மனசும் பெருக்கியது. அந்தப் பெருக்கல்தான் முக்கால்வாசியைத் தின்றது. நான் மேலே போட்ட பட்டியலில் விட்டுப்போன ஒரே பிராணி அதுதான்.

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் படகு ஓடியது. செம்பாக்கத்திலிருந்து கிளம்பிய தண்ணீர் வழக்கம்போல் கடைசி ஸ்டாப்பில் இறங்க வந்தது. ஸ்டாப்பில் வீடு இருந்தது.

உபதேசம் செய்து முடிக்கிற பத்தி இது இல்லை. இரண்டு மூன்று சில்லறைக் காரியங்கள் மட்டும். ஃப்ளாட் புக் பண்ணுகிற தம்பிகள், மாடுலர் கிச்சன் என்ன கலர் என்று கேட்பதற்கு முன்னால், பழைய சர்வே மேப்பில் அந்த இடம் என்னவாக இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் தெருவுக்குக் கழிவுநீர் லாரி வந்தால், "அண்ணே, இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் பீடி பற்ற வைத்தால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். செத்த பேட்டரியைத் தனியாக எடுத்து வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறரைக்கு ரேடியல் ரோட்டோரம் பத்து நிமிஷம் நில்லுங்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகள் வந்திருக்கும். இவ்வளவு தூரம் பறந்து வந்து சாப்பிடுகிற மெஸ் என்றால் சமையலில் ஏதோ இருக்கிறது. பிரெட், பிஸ்கட் எதுவும் போடாதீர்கள். அவர்களுக்கு மெனு தெரியும்.

நாம்தான் அங்கே பழைய பாக்கிக்காரர்கள். வெள்ளத்தை வாங்கிக்கொள் என்றோம், குப்பையை வைத்துக்கொள் என்றோம், சாக்கடையைக் குடி என்றோம், இடத்தையும் கொடு என்றோம். ஒவ்வொரு தடவையும் காசு கொடுக்காமல், மேன்ஷன் பையன் மாதிரி கையை உதறிக்கொண்டு, "கணக்குல எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஆபீஸ் போய்விட்டோம்.

அது எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.